எப்ப நடந்தது எண்டு முதல் சொல்லுங்கோ

யாழ்ப்பாணத்தில் ஒரு கெடுதி நடந்துவிட்டால் சனம் முதலில் கேட்கும் கேள்வி "ஆர் செய்தது?" என்பதுதான். நான் அறிந்தவர்களில் அவர் ஒருவர் மட்டும் "எப்ப நடந்தது?" என்று கேட்பார். ஆர் என்ற கேள்விக்கு வந்து சேர அவருக்கு நேரமெடுக்கும். சில வேளை வந்து சேரவே மாட்டார்.

எங்களுக்கெல்லாம் அவர் அக்காதான்; அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் "எனக்கென்னத்துக்கு விளம்பரம்?" என்று கேட்கக்கூடியவர். கொழும்பில் ஒரு காப்புறுதிக் கொம்பனியின் இழப்பீட்டுப் பகுதியில் கனகாலம் வேலை செய்து ஓய்வு பெற்று, உடுவிலில் தன் தாய்வீட்டில் வந்து இருந்தார். கட்டையான உருவம். வேகமான நடை. பருத்திச் சேலை, தடித்த கண்ணாடி, மழையோ வெயிலோ கையில் ஒரு குடை. பஸ்ஸில் ஏறினால் சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கையில்தான் இருப்பார். அங்கே யாராவது இருந்தால், அவர் எழும்பும் வரைக்கும் பக்கத்தில் நிற்பார்.

திருநெல்வேலிச் சந்தையில் வாழைப்பழம் வாங்கும்போதும் அதே கேள்விதான்.

"தம்பி, எப்ப வெட்டினது?"

"இண்டைக்குக் காலமை, அக்கா."

குலையைத் திருப்பிக் காம்பின் வெட்டுவாயைப் பார்ப்பார். அது கறுத்துக் காய்ந்திருக்கும். "எந்த ஊரிலை இண்டைக்குக் காலமை?" என்று கேட்டுவிட்டு அதே பழத்தைத்தான் வாங்குவார். பழம் பழையது என்பதில் அவருக்கு வருத்தமில்லை. நாளைப் பிழையாகச் சொன்னதில்தான் வருத்தம். பிறகு பிறகு அந்த வியாபாரி அவரைக் கண்டதுமே, "முந்தநாள் வெட்டினது அக்கா, நாளைக்குள்ளை சாப்பிட்டு முடியுங்கோ" என்று தானாகச் சொல்லத் தொடங்கினார். அவரும் தலையை ஆட்டிவிட்டு, விலை பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்.

நான் அவரிடம் போனது எங்கள் காணி விசயமாக.

உரும்பிராயில் என் தகப்பனார், நாங்கள் ஐயா என்போம், ஒரு பெற்றோல் நிரப்பும் செட் நடத்தினார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தோட்டக்காரர்களின் இறைப்பு இயந்திரங்களுக்கெல்லாம் டீசல் அங்கிருந்துதான் போனது. பிறகு சண்டை வந்தது. ஒரு நாள் செட்டின் கூரையில் ஷெல் விழுந்தது. அதோடு பூட்டிய செட்டை ஐயா திரும்பத் திறக்கவில்லை. பம்புகள் துருப்பிடித்தன. டீசல் தாங்கி நிலத்துக்குக் கீழேயே கிடந்தது. முற்றத்தில் பற்றை வளர்ந்தது.

சண்டை முடிந்து சில வருடங்களின் பின், அந்தக் காணியில் மரக்கறிகளைக் கெடாமல் வைக்கும் குளிர்களஞ்சியம் ஒன்று கட்ட நான் நினைத்தேன். கடன் கேட்டபோது, பழைய எண்ணெய்க் காணி என்பதால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துக் கொண்டு வரும்படி வங்கி சொன்னது. பரிசோதித்தோம். மண்ணில் சுண்ணாம்புக்கல் வரைக்கும் டீசல் இறங்கியிருந்தது. எங்கள் ஊர்க் கல் சல்லடை மாதிரி. ஒருவரின் நிலத்துக்குள் இறங்குவது அடுத்தவரின் கிணற்றில் வந்து நிற்கும். பக்கத்துக் காணித் தவமணி மாமியின் கிணற்றில் வந்து நின்றது. அவர்கள் வெங்காயமும் மிளகாயும் செய்கிற குடும்பம். குடிக்கத் தண்ணீரை நெடுங்காலமாக அடுத்த ஒழுங்கையில் இருந்துதான் எடுத்துவந்தார்கள். பரிசோதனை முடிவு கையில் கிடைத்ததும், காணியைத் துப்பரவாக்கித் தராவிட்டால் வழக்கு வைப்போம் என்று சட்டத்தரணி மூலம் அறிவித்தல் அனுப்பினார்கள். துப்பரவாக்கும் செலவுக்கு அந்தக் காணியை விற்றாலும் காணாது. விற்பதற்கும் வழியில்லை. அப்படிப்பட்ட காணியை யார் வாங்குவார்கள்?

ஐயா சொன்னது ஒரே பதில். "ஷெல் விழுந்தது. தாங்கி உடைஞ்சிட்டுது. அதுக்கு நான் என்ன செய்யிறது?"

என் தோழி ஒருத்தி உடுவிலுக்கு வழி காட்டினாள். அவருடைய விறாந்தையில் இருந்து மண், கல், வங்கி, தவமணி மாமி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பிள்ளை, எண்ணெய் எப்ப மண்ணுக்குள்ளை போகத் தொடங்கினது?"

"ஷெல் விழுந்தாப் பிறகு."

"அதுக்கு முதல் போகேல்லையோ?"

"தெரியாது அக்கா."

"அப்ப அதைத்தான் முதல் தெரிஞ்சுகொள்ளவேணும். ஷெல்லாலை எண்டால் நான் உங்களுக்குத் தேத்தண்ணி மட்டும்தான் தரலாம். சண்டையாலை வந்த சேதத்துக்கு ஒரு கொம்பனியும் பதில் சொல்லாது. சண்டைக்கு முதல் எண்டால் கதை வேறை. செட் நடத்தேக்கை ஐயா ஏதோ ஒரு காப்புறுதி எடுத்திருப்பார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பொலிசி முடிஞ்சு முப்பது வருசமாகுது அக்கா."

"முடிஞ்ச பொலிசி, முடிஞ்ச பிறகு நடந்ததுக்குத்தான் பதில் சொல்லாது. அது உயிரோடை இருக்கேக்கை நடந்ததுக்கு இண்டைக்கும் பதில் சொல்லவேணும். அந்தக் காலத்துப் பொலிசியளை அப்பிடித்தான் எழுதினவை. சேதம் எப்ப தெரிய வந்தது எண்டு அதிலை கேள்வி இல்லை. எப்ப நடந்தது எண்டதுதான் கேள்வி."

பிறகு விரலை மடக்கி இன்னொன்றும் சொன்னார். "உங்கடை காணியைத் துப்பரவாக்க அவங்கள் ஒரு சதமும் தரமாட்டாங்கள். அயலானுக்கு வந்த சேதத்துக்குத்தான் அந்தக் காப்புறுதி. ஆனால் உங்கடை மண்ணை அள்ளி எடுக்காமல் தவமணியின்ரை கிணறு துப்பரவாகாது. அந்த வழியாலை உங்கடை மண்ணுக்கும் அவங்கள்தான் குடுக்கவேணும்."

தேத்தண்ணியும் தந்தார். சீனி போட மறந்திருந்தார்.

ஐயாவிடம் பழைய பொலிசி இருக்கவில்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டோடு எல்லாம் போயிற்று. அதைக் கேட்டு அக்கா கவலைப்படவில்லை. "செட்டுக்கு ஆர் கடன் குடுத்தது?" என்று கேட்டார். ஒரு வங்கி, காணியை ஈடாக எடுத்துக்கொண்டு கொடுத்தது என்றேன். காப்புறுதி இல்லாத செட்டுக்கு எந்த வங்கியும் கடன் கொடுத்திராது என்று சொல்லி, என்னைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பினார். ஈட்டு உறுதியின் பிரதி அங்கே கிடைத்தது. அதில் கொம்பனியின் பெயரும் பொலிசி இலக்கமும் எழுதியிருந்தன. ஈடு முடியும் வரைக்கும் வருடா வருடம் புதுப்பித்ததற்கு வங்கியின் தலைமைக் காரியாலயத்தில் பதிவு இருந்தது. கொம்பனியின் பெயர் பிறகு இரண்டு தடவை மாறியிருந்தது. மாறிய பெயர் எது என்பது அவருக்குக் கேட்காமலே தெரியும். அவர் வேலை செய்து ஓய்வு பெற்ற கொம்பனிதான் அது.

மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான்.

அதைக் கேட்க அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு நேரே தவமணி மாமியின் வளவுக்குப் போனார். நெடுங்காலமாக எங்களோடு கதைக்காமல் இருந்த மாமி, என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். அக்கா குடையை மடக்கிவிட்டுக் கிணற்றுக்கட்டில் குந்தினார்.

"அம்மா, நான் உவையளுக்காகத்தான் வந்திருக்கிறன். அதை ஒளிக்கேல்லை. ஆனால் நீங்கள் சொல்லுறது உண்மையெண்டால் ரெண்டு வீட்டுக்கும் நல்லது. தண்ணி முதன்முதல் எப்ப மணத்தது?"

"உது எப்பவும் மணக்கிறதுதான்."

"எப்பவும் எண்டு ஒரு நாள் இல்லை. முதல் நாள் எண்டு ஒண்டு இருக்கும்."

மாமி யோசித்தார். வேலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்றுதான் அவர் என்னோடு திரும்பக் கதைத்தார்.

"உமக்கு நினைவிருக்கோ பிள்ளை, எங்கடை மூத்தவளுக்குத் தண்ணி வாத்த நாள்? நீரும் வந்தனீர்."

நினைவிருந்தது. மூத்தவள் என்னோடு படித்தவள். அவள் பெரியபிள்ளையானதற்குச் சடங்கு வைத்தார்கள்.

"வாக்கிறதுக்குக் கிணத்திலை அள்ளி வைச்ச தண்ணியை என்ரை மச்சாள் மணந்து பாத்திட்டு, இதைப் பிள்ளையின்ரை தலையிலை ஊத்தேலாது எண்டு சொல்லிப்போட்டா. ஐயர் வீட்டுக் கிணத்திலை இருந்து வாளி வாளியாக் கொண்டுவந்தனாங்கள். சபைக்கு முன்னாலை எனக்கு வெக்கமாப் போச்சுது."

"படம் எடுத்தனீங்களோ?"

படம் லண்டனில் மூத்தவளிடம் இருந்தது. படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோக்காரர் நாள் குத்தியிருந்தார். ஷெல் விழுந்தது அதற்குச் சில வருடங்கள் பிந்தி. படம் எடுத்த நாளில் பொலிசி உயிரோடு இருந்தது.

அது தெரிந்த அடுத்த நாள்தான் அக்கா ஐயாவைப் பார்க்க வந்தார். ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தார். வணக்கம் சொல்லி முடிந்ததும் நேரே கேட்டார்.

"அண்ணை, டீசல் எப்ப குறையத் தொடங்கினது?"

"எங்கை குறைஞ்சது?"

"தாங்கியிலை. அங்காலை கிணத்திலை கூடினால் இஞ்சாலை தாங்கியிலை குறைஞ்சிருக்கவேணும்."

"அது குறைஞ்சதுதான். ஆனால் அது வேறை. அது களவு."

"எப்ப?"

"நீர் ஆர் என்னைக் கேள்வி கேக்க?" என்றார் ஐயா. அக்கா குடையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐயாவுக்கு மௌனம் பிடிக்காது. தானே தொடர்ந்தார். "பம்பிலை நிண்ட குருநகர்ப் பெடியன், மரியதாஸ். அவன்தான் எடுத்தவன். நான் நிப்பாட்டிப்போட்டன்."

"நிப்பாட்டினாப் பிறகு குறையிறது நிண்டுதோ?"

ஐயா எழும்பி உள்ளே போய்விட்டார். அன்று பகல் அவர் சாப்பிடவில்லை.

எனக்கு அக்காவில் கோபம் வந்தது. வயதுபோன மனிதனை ஏன் இப்படி? வாசல் வரைக்கும் கூடப்போய் அதைச் சொன்னேன்.

"பிள்ளை, உங்கடை ஐயாவுக்குத் தாங்கி ஒழுகிறது தெரிஞ்சு பேசாமல் இருந்திருந்தால் கொம்பனி ஒரு சதமும் தராது. தெரிஞ்சு விட்ட சேதத்துக்குக் காப்புறுதி இல்லை. தெரியாது எண்டதுக்கு என்ன சாட்சி? ஒழுகுது எண்டு தெரிஞ்ச ஒருத்தர், களவெண்டு சொல்லி ஆளை நிப்பாட்டுவாரோ?" கேற்றைத் திறந்துகொண்டே சொன்னார்: "ஐயா செய்த பிழைதான் இப்ப உங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி. எனக்கும் அது பிடிக்கேல்லை. ஆனால் அதுதான் இருக்குது."

குருநகருக்குப் போகவேண்டி வந்தது. நானும் அவரும் போவோம் என்றேன். முடியாது என்றார். "ஒருத்தரிட்டைப் போய், உங்களைக் கள்ளன் எண்டு சொன்ன நாள் எது எண்டு கேக்கப்போறம். சொன்ன ஆள் வராமல் நான் கேக்கமாட்டன்."

ஐயாவிடம் யார் சொன்னது, என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. குறித்த நாள் காலையில் ஐயா வேட்டி சால்வையோடு வான் வண்டிக்குள் ஏறி இருந்தார்.

மரியதாஸ் நொந்துபோயிருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. படகு இயந்திரங்கள் திருத்தும் பெரிய கடை அவருடையது. மூன்று நான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஐயாவைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"வாங்கோ முதலாளி. இருங்கோ."

அக்காதான் விசயத்தைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. எங்களுக்கு என்ன கிடைக்கும், மரியதாஸ் சொல்லும் நாள் ஏன் தேவை எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கேட்டார். "உங்களை எப்ப நிப்பாட்டினவர்?"

"அது மறக்கிற நாளில்லை அக்கா. என்ரை மூத்தவனுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறதுக்கு முதல் கிழமை. ஞானத்தகப்பனா நிக்க வாறன் எண்ட ஆள், கள்ளன்ரை பிள்ளைக்கு நிக்கமாட்டன் எண்டு சொல்லி வரேல்லை. கோயில் சங்கிலித்தாம்தான் கடைசியிலை நிண்டவர். கோயில் பதிவிலை நாள் இருக்கு, பாருங்கோ."

சங்கிலித்தாம் என்றால் தேவாலயத்தைக் கவனிக்கிறவர். முன்பின் பழக்கமில்லாத அவர்தான் பிள்ளையைக் கையில் ஏந்தியிருக்கிறார்.

"சத்தியக் கடதாசி ஒண்டு தருவியளோ?" என்று அக்கா கேட்டார்.

"தரலாம். ஆனால் நான் ஏன் தரவேணும்?"

பதில் சொல்ல வேண்டியவர் தானில்லை என்பதுபோல அக்கா ஐயாவைப் பார்த்தார். ஐயா கதிரையின் நுனிக்கு வந்தார்.

"மரியதாஸ், நீ எடுக்கேல்லை. தாங்கிதான் ஒழுகினது. நான் பிழை விட்டிட்டன்."

மரியதாஸ் கோபப்படவில்லை. "நான் எடுக்கேல்லை எண்டது எனக்கு அண்டைக்கே தெரியும் முதலாளி. எனக்குச் சொல்லி என்ன? தெரியாத ஆளுக்குச் சொல்லுங்கோ" என்றார். உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "மகன், இஞ்சை ஒருக்கா வா."

அந்த மூத்த மகன், முப்பது வயது மதிக்கத்தக்கவர், கையெல்லாம் கிறீசோடு வந்து நின்றார். ஐயா எழும்பினார். நான் பிடிக்கப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஐயா அந்த மகனுக்கு முன்னால் நின்று, அதே சொற்களைத் திரும்பச் சொன்னார். உன்ரை அப்பா எடுக்கேல்லை. நான்தான் பிழை.

மகன் தகப்பனைப் பார்த்தார். பிறகு, "ஐயா, முதல் இருங்கோ" என்று சொல்லிக் கதிரையை இழுத்து வைத்தார்.

மரியதாஸ் கையெழுத்து வைத்தார். ஞானத்தகப்பனாக வர மறுத்தவர் பாசையூரில் இருந்தார். அவரையும் விடாமல் தேடிப்போய், என்ன காரணத்தால் எந்த நாள் போகவில்லை என்று எழுதி வாங்கினார் அக்கா. அந்த மனிதர் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பின்னேரமே சைக்கிளில் மரியதாஸ் வீட்டுக்குப் போனாராம். அங்கே என்ன கதைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

கொம்பனியைப் பார்க்க நானும் அக்காவும் கொழும்புக்குப் பஸ்ஸில் போனோம். வழியில்தான் அவர் தன் வேலைக்காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். கடற்கரைப் பக்கத்து மனிதர் ஒருவரின் படகு புயலில் அடிபட்டுச் சுக்கல் சுக்கலாகிவிட்டது. பொலிசி அதற்கு முதல் நாள் முடிந்திருந்தது. அவரும் மனைவியும் காரியாலயத்துக்கு வந்து நின்றார்கள். இல்லை என்று சொன்னது இவர்தான்.

"அந்த மனிசி என்னைத் திட்டியிருந்தால் பறவாயில்லை. தலையை ஆட்டிக்கொண்டு பேசாமல் போயிட்டா."

"உங்களுக்கு மனம் கேட்டதோ அக்கா?"

"மனம் கேக்கேல்லை. ஆனால் பதில் மாறேல்லை." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பில் துடைத்தார். "ஒரு நாள் பிந்தினதுக்கு அவைக்கு இல்லை எண்டு சொல்ல வைச்ச கொம்பனியை, முப்பது வருசத்துக்கு முந்தினதுக்கு ஓம் எண்டு சொல்ல வைக்காமல் நான் விடமாட்டன். நாள் ரெண்டு பக்கமும் வெட்டவேணும்."

அது ஆறுதலா, அல்லது பழைய கணக்கா என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் படகுக்காரரின் மனைவிக்கு இதனால் என்ன? அதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

கொம்பனியின் சட்டத்தரணி இளம் ஆள். மரியாதையாகத்தான் கதைத்தார். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். எண்ணெய் எப்போது ஒழுகத் தொடங்கியது என்று தெரியவில்லை என எழுதிக்கொள்வோம், கொம்பனி நல்லெண்ணத்தோடு ஒரு தொகை தரும், உடனே தரும். அந்தத் தொகை கிணற்றுக்குக் காணும். மண்ணுக்குக் காணாது. ஆனாலும் எனக்கு ஓம் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "காணி உங்கடை. நீங்கள் ஓம் எண்டால் ஓம். ஆனால் தெரியவில்லை எண்டு எழுதினால், மரியதாஸ் எடுத்தாரோ இல்லையோ எண்டதும் தெரியவில்லை எண்டுதான் நிக்கும்."

நான் ஓம் சொல்லவில்லை. அவர் சட்டத்தரணியிடம் சொன்னார். "தம்பி, தாங்கி இன்னும் மண்ணுக்குள்ளைதான் கிடக்குது. உங்கடை பொறியியலாளருக்கு முன்னாலை தூக்குவம். ஷெல் பட்ட ஓட்டையெண்டால் தூக்கின கூலியையும் நாங்கள் குடுக்கிறம். துருப்பிடிச்ச ஓட்டையெண்டால் கிணறும் மண்ணும் முழுக்க உங்கடை பொறுப்பு."

சட்டத்தரணி மேலே போய்க் கேட்டுவிட்டு வந்து சம்மதித்தார். திரும்பி வரும்போது எனக்குப் பயம். "ஷெல் ஓட்டையா இருந்தால் என்ன செய்யிறது அக்கா?"

"அப்ப நாங்கள் சொன்னது பிழை. பிழையெண்டால் காசு வரக்கூடாது." சொல்லிவிட்டு நித்திரையாகிவிட்டார்.

தாங்கி தூக்கிய அன்று வேலி முழுக்கச் சனம். தவமணி மாமி தன் பக்கத்து வேலியோடு நின்றார். மரியதாஸ் மகனோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐயாவுக்கு மரநிழலில் கதிரை போட்டோம். கிறேன் இழுக்க இழுக்க நிலம் டீசல் மணத்தைக் கக்கியது. மண் வழிய, கறுப்புத் தண்ணீர் சொட்ட, தாங்கி மேலே வந்தது. பக்கங்களில் ஓட்டை இல்லை. மேற்பக்கத்திலும் இல்லை. சனம் முணுமுணுத்தது. அவர் குடையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

தாங்கியை உருட்டி வைத்ததும் பொறியியலாளர் குந்தியிருந்து அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தார். ஓரிடத்தில் துணி உள்ளே போனது. விரல் போகும் அளவு ஓட்டை. சுற்றிவரத் தகடு தேய்ந்து கடதாசி மாதிரி இருந்தது. அவர் எழும்பி மறுபக்கத்துக்குப் போய் அளவுத் துவாரத்தைப் பார்த்தார். திரும்ப வந்து ஓட்டையைப் பார்த்தார்.

"அளவுக் கம்பி விழுகிற இடம்" என்றார். "தாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கம்பியை விடுவார்கள் அல்லவா? அதன் முனை ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தகடு தேய்ந்து, அங்கே துரு பிடித்துவிட்டது. ஷெல் இல்லை. இது பழைய ஓட்டை."

மரியதாஸ் மெல்லச் சொன்னார். "அந்தக் கம்பியை முதலாளி எங்கள் ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டார். தானேதான் அளப்பார்."

அதில் குத்தல் இருக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். ஐயா கதிரையில் இருந்து அதைக் கேட்டார். "குறையக் குறைய இன்னும் அடிக்கடி அளந்தனான்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார். தவமணி மாமிதான் வேலிக்குள்ளால் வந்து அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். முப்பது வருடத்தின் பின் எங்கள் காணிக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான்.

அக்கா பொறியியலாளரிடம் போனார். "படமெல்லாம் எடுத்தாச்செல்லோ? பிறகு கழுவி வெட்டேக்கை அந்த ஓட்டை இருக்கிற துண்டை எறியாதேங்கோ. எனக்கு வேணும்." எதற்கென்று அவர் சொல்லவில்லை. கொம்பனிக்கும் அது தேவைப்படவில்லை.

கொம்பனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மண்ணைக் கல் வரைக்கும் அள்ளி, வெளியூர்ச் சீமெந்துச் சூளையில் எரிக்கக் கொண்டுபோனார்கள். கிணற்றுத் தண்ணீரை இறைத்து வடிகட்டி, திரும்ப இறைத்து, மாரி வந்து போய், திரும்பவும் இறைத்தார்கள். தவமணி மாமியின் வெங்காயத்துக்கு இப்போது அந்தத் தண்ணீர்தான் பாய்கிறது. குடிக்க இன்னும் ஆகாது. அதற்கு இன்னும் சில மாரி வேண்டுமாம். என் குளிர்களஞ்சியம் நிற்கிறது. லொறிகள் விடியவே வந்து இரைச்சல் போடுகின்றன என்று மாமி அடிக்கடி என்னை ஏசுகிறார். பேசாமல் இருந்த காலத்தை விட அது எனக்கு நல்லது.

அக்கா போன மாரியில் உடுவிலில் காலமானார். சாவதற்கு முதல் கிழமையும் சாவகச்சேரியில் யாரோ ஒருவரின் பழைய அரிசி ஆலை விசயமாகப் பஸ் ஏறிப் போய்வந்திருந்தார். செத்தவீட்டுக்கு எனக்குத் தெரியாத முகங்கள் நிறைய வந்திருந்தன. ஒவ்வொருவரும் அவர் தங்களிடம் எதைக் கேட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மரியதாஸுக்குச் சொல்ல அடுத்த நாள் குருநகருக்குப் போனேன். அவர் கடலுக்கு இயந்திரம் பார்க்கப் போயிருந்தார். மகன்தான் கடையில் நின்றார். செய்தியைக் கேட்டதும் வேலையை நிறுத்தி, ரேடியோவை மூடினார். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். மாதா படத்துக்குக் கீழே, துருப்பிடித்த தகட்டுத் துண்டு ஒன்று ஆணியில் தொங்கியது. நடுவில் விரல் போகும் அளவு ஓட்டை.

"அக்கா உரப்பையிலை சுத்தி, பஸ்ஸிலை கொண்டுவந்து தந்தவ" என்றார். "அப்பாவுக்கு எண்டு சொல்லேல்லை. எனக்கு எண்டு சொல்லித்தான் தந்தவ."

இயந்திரம் திருத்தக் கொண்டுவந்த ஒரு மீனவர் அதை நிமிர்ந்து பார்த்து, உது என்ன தம்பி, உதையேன் சுவரிலை கொழுவியிருக்கிறீர் என்று கேட்டார்.

மகன் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்.

"உதுதான் அண்ணை, எங்கடை அப்பா வேலை செய்த செட்டிலை டீசல் எடுத்த கள்ளன்."